இறந்தே பிறந்த சட்டம்

பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து காலாப்பட்டு போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்காருங்கள். முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாடு. சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்... இன்னும் தமிழ்நாடுதான். அடுத்து பிள்ளைச்சாவடி. மறுபடியும் புதுச்சேரி! அதே ஈ.சி.ஆர். சாலை, அதே உப்புக்காற்று, அதே மீன்கூடை, அதே தமிழ். செக்போஸ்ட் பார்த்துச் சொல்லலாம் என்றால், தூங்கி எழுந்தவருக்கு அதுவும் தெரியாது. பிறகு எதை வைத்து எல்லையைக் கண்டுபிடிப்பது?

உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: ''பெட்ரோல் பங்க்கையும் ஒயின் ஷாப்பையும் பாருங்க சார்... போர்டு மாறினா ஊர் மாறிடுச்சுன்னு அர்த்தம்!''

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். நிலத்தில் கோடு எதுவும் கிடையாது. கோடு சட்டத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் கோட்டையில் போட்ட சட்டம், அந்தப் பக்கம் புதுச்சேரி சட்டசபையில் போட்ட சட்டம். அவ்வளவே!

பிள்ளைச்சாவடியில் இன்னொரு போர்டும் உண்டு. 1984-ல் அங்கே ஆரம்பித்த பாண்டிச்சேரி பொறியியல் கல்லூரி, 2020-லிருந்து புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். மரம் அதே, வகுப்பறை அதே, கேன்டீன் டீயும் அநேகமாக அதே. ஆனால், சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் உரிமை வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? 2019-ல் புதுச்சேரி சட்டசபை இயற்றிய ஒரு சட்டத்திலிருந்து! பக்கத்திலேயே, காலாப்பட்டில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகமோ 1985-ல் டெல்லியில் பார்லிமென்ட் இயற்றிய சட்டத்தில் பிறந்தது. ஒரே சாலையில் இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு சட்டமன்றங்களின் பிள்ளைகள்.

முப்பது எம்.எல்.ஏ-க்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் குட்டி சபை. அது கையைத் தூக்கினால் கல்லூரி பல்கலைக்கழகம் ஆகிறது. ஆனால், இதே சபை ஒரு தடவை கையைத் தூக்கி, ஒரு சட்டத்தைப் பெற்றெடுக்க... ''குழந்தை பிறக்கும்போதே உயிரில்லை'' என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்றைக்கும் இந்தியா முழுக்க சட்டக் கல்லூரி மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற அந்தக் கதை, நம்ம பாண்டிச்சேரிக் கதை!

*

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1954 அக்டோபர் 18. வில்லியனூர் பக்கம் கீழூர் என்கிற கிராமம். பிரெஞ்சு இந்தியாவின் சட்டமன்றப் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களும் அங்கே கூடினார்கள். மொத்தம் 178 பேர். இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா? 170 பேர் 'சேரலாம்' என்றார்கள். 8 பேர் 'வேண்டாம்' என்றார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம்.

ஆனால், சட்டம் என்பது கொண்டாட்டத்தோடு சேர்ந்து மாறிவிடுகிற சமாசாரம் இல்லை. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு பிரெஞ்சுப் பார்லிமென்ட்டின் ஒப்புதல் கிடைத்து, பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி. நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருடம், ஆட்சி இந்தியாவிடம், சட்டப்படி உரிமை பிரான்ஸிடம்! சாவி கைக்கு வந்துவிட்டது, பத்திரம் இன்னும் பதிவாகவில்லை என்பார்களே, அந்தக் கதை.

1962-க்குப் பிறகும்கூட பழைய பிரெஞ்சுச் சட்டங்கள் ஒரே ராத்திரியில் ஓடிவிடவில்லை. மாற்றும்வரை அவை செல்லும் என்றுதான் ஏற்பாடு. இந்து திருமணச் சட்டம், வாரிசுரிமைச் சட்டம் எல்லாம் இங்கே வந்தது 1963 அக்டோபர் 1-ல்தான். ''தேதியில என்ன சார் இருக்கு?'' என்று கேட்காதீர்கள். பாகூர் பக்கம் நிலம் வைத்திருக்கிற குடும்பத்தில் சொத்துத் தகராறு என்றால், வக்கீல் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, 'தாத்தா இறந்தது 1963 அக்டோபருக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்பதாக இருக்கலாம். ஏனென்றால், அதற்கு முன்பு பாண்டிச்சேரி இந்துக்களிடம் இருந்த வழக்கப்படி, பரம்பரைச் சொத்துக்கும் அப்பாவே முழு முதலாளி. மகனுக்குப் பிறப்புரிமை கிடையாது. ரெண்டு மைல் தள்ளி மதராஸ் எல்லைக்குள் இருந்த மகனுக்கு உண்டு! ஒரு தேதியும் ஒரு எல்லையும் சேர்ந்து யார் பணக்காரன், யார் ஏழை என்று தீர்மானித்திருக்கின்றன.

இதிலும் ஒரு விதிவிலக்கு. பிரெஞ்சுக்காரர்களின் 1881 ஆணைப்படி சாதி, மத வழிச் சட்டங்களைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. 'ரெனோன்சான்' என்பார்கள். இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்படிப் பல அடுக்குச் சட்டங்களுக்கு நடுவே, 1963 ஜூலை 1-ம் தேதி பாண்டிச்சேரிக்கு முறைப்படி ஒரு சட்டசபை வந்தது. எதுவார் குபேர் முதல்வர். 1964 தேர்தலுக்குப் பிறகு வெங்கடசுப்பா ரெட்டியார் முதல்வரானார்.

மாநிலச் சட்டசபை மாதிரியே தெரியும், ஆனால் முழு மாநிலச் சட்டசபை கிடையாது. மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் உள்ள விஷயங்களுக்குச் சட்டம் போடலாம். ஆனால், அதே விஷயத்தில் பார்லிமென்ட்டும் சட்டம் போட்டால், அதுதான் செல்லும். போட்ட சட்டத்துக்கு லெப்டினென்ட் கவர்னர் கையெழுத்துப் போடலாம், மறுக்கலாம், ஜனாதிபதிக்கு அனுப்பியும் வைக்கலாம். சொந்த ஊரின் பெயரை மாற்றக்கூட இந்த சபையால் தீர்மானம்தான் போட முடிந்தது. 'பாண்டிச்சேரி' 2006 அக்டோபர் 1-ம் தேதி 'புதுச்சேரி' ஆனது பார்லிமென்ட் சட்டத்தால்.

ஆக, அதிகாரமே அளந்து கொடுத்ததுதான். அந்த அளந்து கொடுத்த அதிகாரத்தையும் அந்த சபை 1965-ல் என்ன செய்தது தெரியுமா?

*

கஜானாவுக்குப் பணம் வேண்டும். அதற்கு விற்பனை வரி வேண்டும். அதாவது, சேல்ஸ் டாக்ஸ்.

இந்த வரிக்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. 1937-ல் ராஜாஜி மதராஸ் மாகாணத்தின் பிரதமரானதும் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை மூடினால் கஜானாவில் ஓட்டை விழுமே? அதை அடைக்க 1939-ல் அவர் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. குடிக்கிறவன் கொடுத்த காசை, கடையில் சாமான் வாங்குகிற எல்லோரும் சேர்ந்து கொடுக்கும்படி ஆனது. 1959-ல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்து, மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் என்று விரிவாக எழுதினார்கள்.

பாண்டிச்சேரியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மதராஸ் மாநிலம். நடுவில் துண்டு துண்டாகப் பாண்டிச்சேரி. இந்தத் துண்டில் ஒரு வரி, அடுத்த துண்டில் வேறு வரி என்றால் என்ன ஆகும்? மூட்டை ராத்திரியில் எல்லை தாண்டும். அதனால் மதராஸில் உள்ள சட்டமே இங்கேயும் இருக்கட்டும் என்று நினைத்ததில் தப்பே இல்லை. பெரிய சட்டம், பல வருட அனுபவத்தில் செதுக்கியது. புதிதாக ஒன்றை உட்கார்ந்து எழுதுவானேன்?

ஆகவே, 1965 ஜூனில் வெளியான பாண்டிச்சேரி பொது விற்பனை வரிச் சட்டம் ரொம்பச் சுருக்கமாக வேலையை முடித்தது. அதன் சாரம் இதுதான்: 'இந்தச் சட்டம் அமலுக்கு வருவதற்குச் சற்று முன்பு மதராஸ் மாநிலத்தில் 1959-ம் வருடச் சட்டம் எப்படி இருக்கிறதோ, அப்படியே அது பாண்டிச்சேரிக்கும் பொருந்தும்.' சில சில்லறை மாற்றங்கள் உண்டு. அப்பீல் தீர்ப்பாயம் பற்றி ஒன்றிரண்டு திருத்தம், பொருள்களுக்கும் வரி விகிதத்துக்கும் ஓர் அட்டவணை. மற்றதெல்லாம் மதராஸ் சரக்கு.

சரி, எப்போது அமலுக்கு வரும்? 'அரசு அறிவிக்கிற தேதியில்' என்று விட்டுவிட்டார்கள்.

இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து இன்னொரு தடவை படியுங்கள். எங்கேயோ இடிக்கிறதா?

இடிக்கிறது! சபை ஓட்டுப் போட்டது 1965-ல். அமலுக்கு வரும் தேதியோ யாருக்கும் தெரியாது. அந்தத் தேதியில் மதராஸ் சட்டம் எப்படி இருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு மாமியிடம், ''உங்க சாம்பார் நல்லா இருக்கு, ஒரு கிண்ணம் குடுங்க'' என்று கேட்பது ஒரு ரகம். ''அடுத்த வருஷம் ஏதோ ஒரு நாள், நீங்க என்ன சமைக்கிறீங்களோ அதையே எங்க வீட்லயும் எல்லாரும் சாப்பிடுவோம், சத்தியம்!'' என்பது வேறு ரகம். பாண்டிச்சேரி சபை செய்தது இரண்டாவது.

மாமியும் சும்மா இருக்கவில்லை. நடுவில் மதராஸ் சட்டசபை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. மதராஸ் எம்.எல்.ஏ-க்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தங்கள் மாநிலத்துக்காகத் திருத்தினார்கள். பாண்டிச்சேரியில் ஒருவர் அந்தத் திருத்தத்தால் வரி கட்டப்போகிறார் என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்கத் தேவையில்லை. பாண்டிச்சேரி வாக்காளர் யாரும் அவர்களுக்கு ஓட்டுப் போடவும் இல்லை.

1966 மார்ச் 1-ம் தேதி பாண்டிச்சேரி அரசு அறிவிப்பு வெளியிட்டது. ஏப்ரல் 1-லிருந்து சட்டம் அமல். அப்படி அமலுக்கு வந்தது எது? பாண்டிச்சேரி சபை 1965-ல் மனதில் வைத்திருந்த சட்டமல்ல. நடுவில் மதராஸில் திருத்தப்பட்ட சட்டம்!

*

வியாபாரிகளுக்கு நோட்டீஸ் போனது. 'டீலராகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.' அப்படி நோட்டீஸ் வாங்கிய ஒருவர், பதிவு செய்யப் போகாமல் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்கு ரிட் மனுவோடு போனார். 'ஷாமா ராவ் வழக்கு' என்று சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்த வழக்கு அதுதான்.

அவர் தரப்பு வாதம் ரொம்ப எளிமையானது. வரி போடுவது சட்டசபையின் வேலை. எங்கள் சபை அந்த வேலையைச் செய்யவில்லை. மொத்தமாக மதராஸ் சபையிடம் கொடுத்துவிட்டது. எனக்கு வரி போட்டது யார்? நான் தேர்ந்தெடுக்காத ஆட்கள்!

பாண்டிச்சேரியில் விஷயத்தின் விபரீதம் புரிந்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 1966-ல் சபை அவசரமாக ஒரு திருத்தச் சட்டம் போட்டது. 'அரசு அறிவிக்கிற தேதி' என்பதை எடுத்துவிட்டு, '1966 ஏப்ரல் 1' என்று தேதியைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதுவரை வசூலித்த வரி, எடுத்த நடவடிக்கை எல்லாமே செல்லும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டையை அடைத்தாயிற்று. இனி என்ன பயம்?

1967 பிப்ரவரி. மதராஸில் காங்கிரஸ் ஆட்சியைக் கவிழ்த்து அண்ணாவைக் கோட்டைக்கு அனுப்பிய தேர்தல் நடந்த அதே மாதம். டெல்லியில் தலைமை நீதிபதி சுப்பாராவ் தலைமையில் ஐந்து நீதிபதிகள் பாண்டிச்சேரி வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். இதே சுப்பாராவ்தான் அதே மாதம் 27-ம் தேதி, அடிப்படை உரிமைகளில் பார்லிமென்ட்கூட கை வைக்க முடியாது என்று கோலக்நாத் வழக்கில் தீர்ப்பளித்து நாட்டையே உலுக்கியவர். சட்டமன்றங்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

மூன்று பேர் ஒரு பக்கம். இரண்டு பேர் மறுபக்கம்.

மூவர் சொன்னதன் சாரம் இது: ஒரு சட்டசபை சின்னச் சின்ன விவரங்களை அதிகாரிகளிடம் விடலாம். 1951-ல் டெல்லி சட்டங்கள் பற்றிய வழக்கிலேயே அதைச் சொல்லியாயிற்று. இன்னொரு மாநிலத்தின் சட்டத்தைப் பார்த்து, படித்து, பிடித்திருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். அதுவும் சட்டம் இயற்றுவதுதான். ஆனால், எதிர்காலத்தில் இன்னொரு சபை என்ன எழுதுமோ அதற்கு இன்றைக்கே 'சரி' சொல்வது சட்டம் இயற்றுவது ஆகாது. அது சரணாகதி. மக்கள் தந்த வேலையைக் கைகழுவி விடுவது. ஆகவே 1965 சட்டம் செல்லாது. அது இறந்தே பிறந்தது.

அந்தத் திருத்தச் சட்டம்? மூவரின் கணக்குப்படி அதற்கும் பலன் இல்லை. நோயாளிக்கு வைத்தியம் பார்க்கலாம். உயிரே இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பார்ப்பது? இல்லாத சட்டத்தில் திருத்தம் எங்கே செய்வது?

மறுபக்கம் நின்ற இரண்டு நீதிபதிகளின் வாதத்தையும் அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. 1965-ல் சபைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால், 1966-ல் திருத்தம் போட்டபோது ஏப்ரல் 1-ம் தேதி நிலவரப்படி மதராஸ் சட்டம் என்ன என்று தெரியும் அல்லவா? தெரிந்துதானே மறுபடியும் கையைத் தூக்கினார்கள்? அதையே புதுச் சட்டமாக எடுத்துக்கொள்ளக்கூடாதா? நியாயமான கேள்வி. இருந்தாலும் மூன்றுக்கு இரண்டு. கணக்கு கணக்குதான்.

வரி நோட்டீஸ்கள் காற்றில் பறந்தன. சபை அதே 1967-ல் மறுபடி உட்கார்ந்து, புதிதாக ஒரு பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. 2007-ல் வாட் வரும்வரை நாற்பது வருடம் பாண்டிச்சேரி கடைகளில் பில் போட்டது அந்த 1967 சட்டத்தின் கீழ்தான்.

*

இந்தக் கதையைக் கேட்பவர்கள் பொதுவாக, ''பாவம், சின்ன சபை... பெரிய கோர்ட் தலையில குட்டிடுச்சு'' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பாண்டிச்சேரி சபையின் அதிகாரத்தை மற்றவர்கள் குறைத்த கதைகள் நிறைய உண்டு. கவர்னருக்கா, முதல்வருக்கா அதிகாரம் என்ற சண்டை ஓய்ந்ததே இல்லை. மத்திய அரசு நியமித்த மூன்று எம்.எல்.ஏ-க்கள் விஷயத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கேட்காமலே நியமிக்கலாம் என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு பெரும்பான்மையை இழந்தபோது, அந்த மூவருக்கு ஓட்டு உண்டா என்பதே பெரிய வாதமானது. மாநில அந்தஸ்து கேட்டு சபை எத்தனையோ முறை தீர்மானம் போட்டிருக்கிறது.

ஆனால், 1965-ல் நடந்தது வேறு. அன்றைக்கு யாரும் பறிக்கவில்லை. சபை தானாகவே எடுத்துக் கொடுத்தது! கெட்ட எண்ணத்தில்கூட இல்லை, வேலை சுலபமாக முடியட்டுமே என்ற எண்ணத்தில். 'இது உன் அதிகாரம், நீயே நினைத்தாலும் இதை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது' என்று சொல்லித் திருப்பிக் கையில் கொடுத்தது அந்தத் தீர்ப்பு. தோற்றது சபையின் சட்டம். ஜெயித்தது சபை! இன்னும் சரியாகச் சொன்னால், அந்த சபைக்கு ஓட்டுப் போட்ட பிள்ளைச்சாவடி மீனவரும் வில்லியனூர் விவசாயியும் காலாப்பட்டு மளிகைக்கடைக்காரரும்.

பின்னாளில் நீதிமன்றங்களே இந்தத் தீர்ப்பின் முனையைக் கொஞ்சம் மழுக்கின. மத்திய விற்பனை வரி, மாநிலங்கள் அவ்வப்போது போடும் விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கலாம் என்ற ஏற்பாட்டை 1973-ல் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது. கொள்கை என்ன என்பதைப் பார்லிமென்ட் தெளிவாக முடிவு செய்திருந்தால் போதும் என்றது. எல்லாக் கடன் வாங்கலும் சரணாகதி அல்ல என்று புரியவைத்தது. ஆனால், மூலப் பாடம் அப்படியே நிற்கிறது. காப்பி அடிக்கலாம், ஆனால் எதைக் காப்பி அடிக்கிறோம் என்று படித்துப் பார்த்துவிட்டு, சொந்தக் கையால் எழுத வேண்டும்.

2017-ல் அந்தப் பாடம் நடைமுறையில் தெரிந்தது. நாடு முழுக்க ஜி.எஸ்.டி. எல்லா மாநிலத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சட்டம். அப்படியானால், 'தமிழ்நாட்டில் என்னவோ அதுவே எங்களுக்கும்' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாமே? முடிக்கவில்லை. ஒவ்வொரு சட்டசபையும் தனித்தனியாக உட்கார்ந்து தன் பெயரில் முழுச் சட்டத்தையும் நிறைவேற்றியது. சட்டசபை இல்லாத யூனியன் பிரதேசங்களுக்குப் பார்லிமென்ட்டே சட்டம் போட்டது. புதுச்சேரிக்கு அதன் சொந்தச் சட்டசபை 'புதுச்சேரி சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017' என்று நிறைவேற்றியது. வாசகம் பொதுதான். ஆனால், கையெழுத்து சொந்தம்.

அதனால் இப்போது பொம்மையார்பாளையத்தில் சோப்பு வாங்கினாலும் பிள்ளைச்சாவடியில் வாங்கினாலும் வரி ஒன்றுதான். 1965-ல் சபை ஆசைப்பட்டது இதைத்தானே? அரை நூற்றாண்டு கழித்து, நேர்வழியில் கிடைத்தது.

ஜி.எஸ்.டி-க்குள் வராமல் வெளியே நிற்கிற முக்கியமான சரக்குகள் இரண்டு. ஒன்று, பெட்ரோல். இன்னொன்று, ராஜாஜி கடையை மூடி அதற்குப் பதிலாக வரி போட்டாரே... அந்தச் சரக்கு. இரண்டுக்கும் இன்னமும் அந்தந்த ஊர்ச் சட்டம்தான்.

அந்த உள்ளூர்க்காரர் சொன்னது சரிதான். அடுத்த தடவை காலாப்பட்டு பஸ்ஸில் போகும்போது போர்டைப் பாருங்கள். நீங்கள் எந்த சபையின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று அது சொல்லும்.